விடைப் பட்டியலை நம்பி ஒரு வருடம் போனது: முதுகலை நுழைவுத் தேர்வும் மைக்ரோ கணக்குகளும்

முதுகலைப் பொருளியல் நுழைவுத் தேர்வில் இரண்டாவது முறை இடம் கிடைத்துவிட்டது. சந்தோஷம்தான், ஆனால் முதல் முறை எதனால் போனது என்று நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது, அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பம், ஹால் டிக்கெட் எல்லாம் சிக்கல் இல்லாமல் முடிந்தன. மேக்ரோவும் (முழு நாட்டுப் பொருளாதாரம்) புள்ளியியலும் ஓரளவு கைக்கு வந்துவிட்டன. என்னைக் கவிழ்த்தது மைக்ரோ, அதாவது தனி நுகர்வோர், நிறுவனம், சந்தை பற்றிய பகுதி.

நான் சேர்ந்திருந்த பயிற்சி வகுப்பில் கொடுத்த கணக்குத் தொகுப்பில் ஒரு முற்றுரிமைக் கணக்கு இருந்தது. போட்டிக்கு ஆளில்லாத ஒரே நிறுவனம், இரண்டு சந்தைகள். முதல் சந்தையில் 100-லிருந்து விலையைக் கழித்தால் தேவை. இரண்டாவதில் 40-லிருந்து கழிக்க வேண்டும். உற்பத்திச் செலவு பூஜ்யம். இரண்டு இடத்திலும் ஒரே விலைதான் வைக்கலாம் என்றால் அதிக லாபம் தருவது எந்த விலை? படம் போட்டுப் பார்த்ததில் எனக்கு 50 வந்தது. பின்பக்கத்து விடைப் பட்டியலில் (கீ) 35. இரண்டு நாள் மாலை முழுக்க அதோடு மல்லுக்கட்டிவிட்டு ஆசிரியரிடம் கொண்டுபோனேன். அவர் என் தாளைக் கையில் வாங்கவே இல்லை. "கீயில் 35 என்றால் 35தான், இரண்டு தேவையையும் கூட்டி டெரிவேடிவ் எடு, இதிலேயே நிற்காதே" என்றார். (டெரிவேடிவ் என்பது மாறும் வேகம், அது பூஜ்யமாகும் இடத்தில் உச்சத்தைத் தேடுவோம்.) சரி, அவருக்குத் தெரியாததா என்று நான் எழுதியிருந்த 50-ஐ ரப்பரால் அழித்துவிட்டு வந்தேன்.

தேர்வில் எண்கள் மட்டும் மாறி அதே கணக்கு வந்தது. கூட்டினேன், டெரிவேடிவ் எடுத்தேன், வந்த விடை நான்கில் ஒன்றாக இருந்தது, குறித்துவிட்டேன். நெகட்டிவ் மார்க் வேறு. கடைசியில் எனக்குக் குறைந்தது ஏறக்குறைய ஒரு கேள்விக்கான மதிப்பெண்தான்.

ரிசல்ட் வந்த இரவு அந்தத் தொகுப்பை எடுத்து, முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். விலை 35 என்றால் முதல் சந்தையில் 65, இரண்டாவதில் 5, மொத்தம் 70 விற்கும், வருவாய் 2450. விலை 50 என்றால் இரண்டாவது சந்தையில் வாங்க ஆளே இல்லை, முதல் சந்தையில் மட்டும் 50 விற்கும், வருவாய் 2500. இரண்டே பெருக்கல். இரண்டாவது சந்தையைக் கைவிடுவதுதான் நிறுவனத்துக்கு லாபம்! கூட்டிய தேவைக் கோடு விலை 40-ல் மடங்குகிறது, அந்த இடத்தில் இறுதிநிலை வருவாய் (இன்னும் ஒன்று விற்றால் கூடும் வருவாய்) கீழே இருந்து சட்டென்று மேலே தாவுகிறது, அதனால் அது பூஜ்யத்தைத் தொடும் இடம் இரண்டு. கூட்டி டெரிவேடிவ் எடுப்பவருக்கு அதில் ஒன்றுதான் கண்ணில் படும். வகுப்பில் யாராவது இந்தப் படத்தைப் பலகையில் ஒரு தடவை போட்டிருந்தால் எனக்கு ஒரு வருடம் மிஞ்சியிருக்கும்.

அன்றிலிருந்து எந்த விடை வந்தாலும் பக்கத்தில் இன்னொரு புள்ளியை எடுத்து எண்ணைப் போட்டுப் பார்ப்பதைப் பழக்கமாக்கினேன். அந்தத் தொகுப்பை மறுபடி முதலிலிருந்து போட்டபோது மொத்தம் 7 விடைகள் தப்பு. பெரும்பாலும் ஒரே வகைத் தப்புதான், விடை ஓரத்தில் (ஏதாவது ஒரு அளவு பூஜ்யமாகும் இடத்தில்) இருக்கும்போது நடுவில் தேடியிருப்பார்கள். ஒரு உதாரணம்: பயன்பாடு (வாங்குபவருக்குக் கிடைக்கும் திருப்தியின் அளவு) என்பது இரண்டு பொருட்களின் அளவையும் வர்க்கப்படுத்திக் கூட்டியது, விலைகள் 1, 2, வருமானம் 10. லெக்ராஞ்ஜ் (வருமான வரம்புக்குள் உச்சத்தை டெரிவேடிவால் தேடும் முறை) போட்டால் 2-உம் 4-உம் வரும், பயன்பாடு 20. முழுப் பணத்துக்கும் முதல் பொருளையே வாங்கினால் 100! லெக்ராஞ்ஜ் கண்டுபிடித்துக் கொடுத்தது ஆகக் குறைந்த புள்ளியை. சமநோக்கு வளைகோடு (ஒரே அளவு திருப்தி தரும் அளவுகளை இணைக்கும் கோடு) எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்க்காமல் டெரிவேடிவில் கை வைக்காதீர்கள். கூர்னோ கணக்கிலும் (இரண்டு நிறுவனங்கள் உற்பத்தி அளவை வைத்துப் போட்டியிடும் கணக்கு) இதே கதைதான், ஒரு நிறுவனத்தின் செலவு ரொம்ப அதிகம் என்றால் அதன் உற்பத்தி மைனஸில் வரும், உடனே அதைப் பூஜ்யமாக்கிவிட்டு மற்றதை முற்றுரிமையாகப் போட்டு, வருகிற விலை அந்த முதல் நிறுவனத்தின் செலவைவிடக் குறைவாக இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். விளையாட்டுக் கோட்பாடு தொல்லை தரவில்லை.

இரண்டாவது முறை தேர்வில் வந்த ஒரு கேள்வியை மறக்கவே முடியாது. எண்களை மாற்றிச் சொல்கிறேன். பயன்பாடு: முதல் பொருளின் வர்க்கமூலத்தைப் போல் இரண்டு மடங்கு, அதோடு இரண்டாவது பொருளின் அளவு. விலைகள் 1, 4. வருமானம் 10-லிருந்து 12 ஆனால் முதல் பொருளின் தேவை எவ்வளவு மாறும்? இந்த வகைப் பயன்பாட்டில் வருமான விளைவே கிடையாது, அதாவது வருமானம் கூடினாலும் முதல் பொருளின் தேவை மாறாது என்று எல்லோரும் மனப்பாடம் செய்திருப்போம், "மாறாது" என்பதுதான் முதல் ஆப்ஷன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு எண்ணைப் போட்டேன். லெக்ராஞ்ஜ் கேட்பது 16. பையில் இருப்பது 10, இரண்டாவது பொருள் மைனஸில் போகிறது. அப்படியென்றால் இவர் இன்னும் ஓரத்தில்தான் நிற்கிறார், 16-ஐத் தொடும்வரை வருகிற ஒவ்வொரு ரூபாயும் முதல் பொருளுக்கே போகும். விடை 2. குறித்துவிட்டு நிமிர்ந்தபோது நெஞ்சு படபடவென்று அடித்தது.

எழுதப் போகிறவர்களுக்கு: இரண்டு அளவுகளில் சிறியதையோ பெரியதையோ மட்டும் எடுக்கும் பயன்பாட்டுக் கணக்குகளில் டெரிவேடிவ் வேலை செய்யாது, படம்தான். தப்பான கணக்குகளுக்குத் தனி நோட்டு போடுங்கள், எந்த வரியில் வழுக்கியது என்பதையும் எழுதுங்கள். கீயும் நீங்களும் மோதினால் அழிப்பதற்கு முன் எண்ணைப் போட்டுப் பாருங்கள், அழித்ததைத் திரும்ப எழுத எனக்கு 11 மாதம் ஆனது.

அந்தத் தொகுப்பை இந்த வருடம் எழுதும் ஒரு தம்பிக்குக் கொடுத்திருக்கிறேன். 7 விடைகளையும் சிவப்புப் பேனாவால் அடித்துத் திருத்தி, 35-க்குப் பக்கத்தில் மட்டும் 50, 2500 என்று கொஞ்சம் பெரிதாகவே எழுதிவைத்தேன்.