பழைய கணினியில் விளையாட்டைத் தடங்கலின்றிப் பதிவு செய்தல்

விளையாட்டு திரையில் சீராக ஓடியும், ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற திரைப்பதிவு மென்பொருளில் பதிவான காணொளி மட்டும் விட்டுவிட்டு நகர்ந்தால், அமைப்புகளைக் கண்டபடி மாற்றுவதற்கு முன் அதன் புள்ளிவிவரச் சாளரத்தைத் திறந்து, எந்த வரியில் எண் ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். என்னுடைய நான்காம் தலைமுறை ஐ5 கணினியில் என்கோடிங், அதாவது காணொளியைச் சுருக்கிச் சேமிக்கும் வேலை, தாமதமானதால் விடுபட்ட பிரேம்களே (காணொளியின் தனித்தனிப் படங்கள்) கூடிக்கொண்டிருந்தன. எக்ஸ்264 என்கோடர் பிராசசரையே முழுக்க நம்பியிருப்பதால், விளையாட்டும் பதிவும் அதே நான்கு கோர்களுக்காக அடித்துக்கொண்டன. என்கோடரை என்வென்க் என்று மாற்றியதும் அந்த எண் நின்றுவிட்டது. என்வென்க் என்பது பிராசசருக்குப் பதிலாக என்கோடிங்கைச் செய்ய கிராபிக்ஸ் கார்டிலேயே உள்ள தனி மின்சுற்று. 2012-இல் கெப்ளர் வரிசை கார்டுகளுடன் என்விடியா கொண்டுவந்த இது, என் ஜிடிஎக்ஸ் 1050 கார்டிலும் உண்டு.

ரெண்டரிங் (காட்சியை வரைந்து உருவாக்கும் வேலை) தாமதம் என்ற வரி ஏறினால் கதை வேறு. அங்கே திணறுவது கிராபிக்ஸ் கார்டு. விளையாட்டின் வேகத்தை நொடிக்கு 60 பிரேமுக்குள் கட்டுப்படுத்தி, ஓபிஎஸ்-ஐ நிர்வாகி உரிமையுடன் இயக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இரண்டும் பலிக்காவிட்டால், 1080பி 60 பிரேமிலிருந்து 720பி 30 பிரேமுக்கு இறங்கலாம். நொடிக்குக் கையாள வேண்டிய பிக்சல்கள் நான்கரை மடங்கு குறையும். பலர் இதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறார்கள், ஆனால் திக்கித் திக்கி ஓடும் 1080பி காணொளியை யாரும் பொறுமையாகப் பார்ப்பதில்லை.