கொடுமுடித் தீர்த்தமும் அமுச்சியின் மாவிளக்கும்

ஈரோடு–கரூர் ரயில் பாதையில் கொடுமுடியில் இறங்கினால், மகுடேசுவரர் கோயிலும் காவிரியும் நடந்து போகிற தூரந்தான். வடக்கிலிருந்து வரும் காவிரி இங்கேதான் கிழக்கே திரும்புகிறது. சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய தலம். கொங்கேழு தலங்களில், அதாவது கொங்கு நாட்டின் ஏழு பாடல்பெற்ற சிவத்தலங்களில் ஒன்று. எங்கள் அமுச்சிக்கோ (அம்மாவின் அம்மா) கொடுமுடி என்றால் தண்ணீர்தான். ஊர் மாரியம்மன் பொங்கலுக்குத் தீர்த்தம் இங்கிருந்துதான் போக வேண்டும். பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்குக் காவடி எடுப்பவர்களும் இங்கே வந்துதான் தீர்த்தம் முத்தரிக்கிறார்கள், அதாவது முறைப்படி மொண்டு எடுக்கிறார்கள்.

கோடையில் வருகிறவர்கள் ஆற்றைப் பார்த்து ஏமாறக் கூடாது. மேட்டூர் அணையைப் பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் 12-ல்தான் திறப்பார்கள். அதற்கு முன் வருவது பெரும்பாலும் குடிநீருக்கு விடும் தண்ணீர். படித்துறையோரம் தேங்கினதை மொள்ளாமல், கொஞ்சம் உள்ளே போய் ஓடுகிற தண்ணீரில் மொள்ள வேண்டும். பாசிபிடித்த கல்லில் கால் பத்திரம். ஆடி 18-ல் கதையே வேறு. மேட்டூர் 120 அடியைத் தொட்டு உபரி நீர் வந்தால் ஆற்றில் இறங்கவே விடமாட்டார்கள். முளைப்பாரி விடப் போகிறவர்கள் முந்தின நாளே விசாரித்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

தீர்த்தத்துக்குப் பித்தளைச் சொம்புதான் சரி. பிளாஸ்டிக் கேன் வெயிலில் சூடேறி வாடை அடிக்கும். சொம்பைப் புளி போட்டு விளக்கினால் புளி ஒட்டாமல் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் களிம்பு ஏறும். முக்கால் சொம்புதான் மொள்ள வேண்டும். கோயில் வன்னிமரத்து இலை ஒன்றிரண்டு போட்டால் தண்ணீர் கெடாது என்பது நம்பிக்கை. அப்புறம் மஞ்சள் துணியால் வேடு கட்டுவது, அதாவது சொம்பின் வாயை மூடிக் கட்டுவது. முக்கால்வாசிப் பேர் தவறுவது இங்கேதான். துணி தொய்ந்து உள்ளே நீரில் பட்டு, வெளிமுனை நீர்மட்டத்துக்குக் கீழே தொங்கினால், திரிபோல உறிஞ்சிச் சொட்டிக்கொண்டே வரும். ஊர் சேரும்போது பாதிச் சொம்பு இருக்காது. “இளுத்துக் கட்டோணுங் கண்ணு, தண்ணியத் தொடப்படாது” என்று சொல்லிக்கொண்டே அமுச்சி துணியின் முனைகளை மேலே சுருட்டிச் செருகிவிடுவார். கட்டிய சொம்பைத் தரையில் வைக்கக் கூடாது. பேருந்தென்றால் மடிதான்.

இன்னொன்று. பூச்சாட்டிவிட்டால், அதாவது அம்மனுக்குப் பூப்போட்டுத் திருவிழாவை அறிவித்துவிட்டால், வெளியூரில் இராத்தங்கக் கூடாது என்ற கட்டு பல ஊர்களில் இன்னும் உண்டு. அதனால் காலையில் போய்ப் பொழுது சாய்வதற்குள் திரும்புகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். அம்மன் கோயில் முன் கம்பம் (முக்கிளை மரம்) நட்டதும் பெண்கள் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையுமாக நாள்தோறும் வந்து ஊற்றுவார்கள். யார் வீட்டில் உடம்புக்கு முடியவில்லை, யார் வீட்டுக்கு அரிசி கொடுத்தனுப்ப வேண்டும் என்பதெல்லாம் அமுச்சிக்குத் தெரியவந்தது அந்தக் கம்பத்தடியில்தான்.

இனி, பொங்கலுக்கு எடுக்கும் மாவிளக்கு. அதற்கு ஒரு கிலோ பச்சரிசி, முக்கால் கிலோ நாட்டுச்சர்க்கரை, நாலைந்து ஏலக்காய். கவுந்தப்பாடிச் சர்க்கரை கிடைத்தால் வேறு தேட வேண்டாம். அரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து வடித்து, நிழலில் துணிமேல் உலர்த்த வேண்டும். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் கட்டியாக நிற்க வேண்டும், உள்ளங்கை நனையக் கூடாது. அதுதான் பதம். உரலில் இடித்தால் நல்லது. மிக்சி என்றால் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு அரைத்துச் சலிக்க வேண்டும்.

சர்க்கரை சேர்த்துப் பிசையும்போது மாவு உதிரியாக இருக்கிறதே என்று தண்ணீர் தெளித்தால் போச்சு. மாவிலுள்ள ஈரத்தை வாங்கிச் சர்க்கரை இளகுவதற்குப் பத்து நிமிடம் ஆகும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகும் சேரவில்லையென்றால் அரிசி அதிகமாகக் காய்ந்துவிட்டது என்று அர்த்தம், ஒரு கரண்டி நெய் விடலாம். ஈரம் மிஞ்சினால் உருண்டை நிற்காமல் படுத்துவிடும். அதற்குக் காய்ந்த அரிசிமாவு கலக்க வேண்டும். உருண்டையின் நடுவே கட்டைவிரலால் குழித்து, உள்பக்கத்தை நெய்தொட்டு வழவழப்பாக்கிவிட்டால் கீறல் அடைபடும். கீறல் இருந்தால் சூட்டில் அது விரிந்து நெய் தட்டில் ஒழுகும், திரி கருகி அணையும். திரியைப் பஞ்சில் தடிமனாகத் திரித்துப் போடுங்கள். ஏற்றுவது கோயில் வாசலில்தான். தட்டைத் தலையில் சுமந்து போகும்போது நெய் விட்டிருக்கக் கூடாது.

மலையேறின (எரிந்து அணைந்த) விளக்கை அன்றைக்கே பங்கு வைத்துவிட வேண்டும். ஈரமாவு, மறுநாளே புளிப்புத் தட்டிவிடும். திரி எரிந்த இடத்தைக் கிள்ளி எடுத்துவிட்டு, தேங்காய்ச்சில்லும் வாழைப்பழமும் சேர்த்து, விளக்கு எடுக்க முடியாத வீடுகளுக்குத்தான் முதலில் கொடுத்தனுப்புவார்கள்.