அர்ச்சனைக்கு எந்தப் பெயர்? கூவாகத்துக்கு மகளோடு போகும் குடும்பங்களுக்கு

கூவாகம் கூத்தாண்டவர் (அரவான்) கோயிலுக்குத் தாலி கட்டிக்கொள்ள வரும் திருநங்கைகளில் பெரும்பாலோர் ஜமாத் எனும் தங்கள் குழுவோடு வருகிறார்கள். நானி (பாட்டி), குரு, சேலா (சிஷ்யை) என்று அவர்களே கட்டி எழுப்பிய உறவு சூழ்ந்து நிற்கும். பெற்ற தாயும் தகப்பனும் கூட வருவது குறைவு. ஆனால் வரும் குடும்பங்களும் உண்டு, அவர்கள் வர வேண்டும் என்பதே நம் ஆசை. முதல் முறை வருகிறவர்கள் நாளில் ஏமாறுகிறார்கள், கூட்டத்தில் பிரிகிறார்கள், பாதியில் ஊர் திரும்புகிறார்கள். அப்படி ஆகாமல் இருக்கத்தான் இத்தனை விவரம்.

முதலில் நாள் கணக்கு. "சித்ரா பௌர்ணமிக்குக் கூவாகம்" என்று எல்லோரும் சொல்வதை நம்பி நாள்காட்டியில் பௌர்ணமியைப் பார்த்து டிக்கெட் போட்டுவிடாதீர்கள். தாலி கட்டுவது செவ்வாய்க்கிழமை, தேர் புதன்கிழமை. பௌர்ணமி முன்பின்னாக வரும். 2022இல் பௌர்ணமி ஏப்ரல் 16, தாலி கட்டியது 19. 2023இல் பௌர்ணமி மே 5, தாலி கட்டியது மே 2. 2024இல் இரண்டும் ஏப்ரல் 23ஆம் தேதி ஒன்றாகவே வந்தன, 2025இல் மே 13 செவ்வாய். திருவிழா மொத்தம் 18 நாள். கூழ் ஊற்றும் சாகை வார்த்தலில் தொடங்கி தருமர் பட்டாபிஷேகத்தோடு முடியும். உங்களுக்கு வேண்டியது அந்தச் செவ்வாயும் புதனும்தான். அந்த வருடத்துத் தேதியை ஜமாத்தில் ஒருவரிடமோ உளுந்தூர்பேட்டைப் பக்கத்து ஆட்களிடமோ கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஊர் இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டம், உளுந்தூர்பேட்டை வட்டத்தில் இருக்கிறது. 2019க்கு முன்னால் விழுப்புரம் மாவட்டம் என்பதால் பழைய குறிப்புகளில் அப்படியே இருக்கும். விழுப்புரத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர். விழா நாட்களில் சிறப்புப் பேருந்து விடுவார்கள். விழுப்புரத்து விடுதிகள் அந்த வாரம் முழுக்க நிறைந்துவிடும், ஒரு மாதம் முன்னாலேயே அறை சொல்லி வையுங்கள். சொந்த வண்டியில் போனாலும் ஊருக்கு வெளியே நிறுத்தச் சொல்லிவிடுவார்கள், கடைசித் தூரம் நடைதான். சித்திரை வெயில் என்பதால் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு துண்டு, உப்பு போட்ட மோர். வயதான அம்மாவைக் கூட்டிப் போனால் வெயில் தாழ்ந்த பிறகு ஊருக்குள் போகும்படி கிளம்புங்கள்.

கதை பலருக்குத் தெரியும். பாரதப் போரில் பாண்டவர் ஜெயிக்க 32 லட்சணமும் பொருந்திய ஒருவனைக் களப்பலி கொடுக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் கண்ணன், அர்ச்சுனன், அர்ச்சுனனுக்கு நாககன்னி பெற்ற அரவான் என மூவர்தான். அரவான் ஒப்புக்கொண்டான், சாவதற்கு முன் ஒரு நாளாவது மணமுடித்து வாழ வேண்டும் என்று கேட்டான். மறுநாள் சாகப்போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கண்ணன் மோகினியாக வந்து மாலையிட்டான், மறுநாள் விதவையாகி அழுதான். அந்த மோகினியின் இடத்தில் நின்றுதான் திருநங்கைகள் அரவானுக்காகத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். வடமொழி பாரதத்தில் இந்தக் களப்பலி கிடையாது, அங்கே இராவான் எனப்படும் அவன் எட்டாம் நாள் போரில் அலம்புசன் கையில் மடிகிறான். களப்பலி தமிழ் மரபில் வளர்ந்தது, பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே அந்தப் பேச்சு இருக்கிறது.

செவ்வாய் மாலை சாமிக்குக் கண் திறப்பார்கள். அதன் பிறகுதான் தாலி கட்டு. கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் மஞ்சள் கயிறு, தேங்காய், பழம், பூ, கற்பூரம், குங்குமம் எல்லாம் கிடைக்கும். இருந்தாலும் வளையலை மட்டும் ஊரிலிருந்தே வாங்கிப் போங்கள். கண்ணாடி வளையலாக இருக்கட்டும், மறுநாள் அரவான் பலியானதும் வளையலை உடைப்பார்கள், பிளாஸ்டிக் வளையல் உடையாது, இழுத்துப் பிடுங்கும்போது கை சிராய்ந்துவிடும். கையோடு ஒட்டி இறுக்கமாக இருந்தாலும் உடைக்கும்போது சில்லு ஏறும், ஒரு விரல் நுழையும் அளவு தளர்வு வேண்டும். தாலியில் தங்கம் கோக்க ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். அந்த நெரிசலில் தங்கம் நிற்காது, மஞ்சள் கயிறும் ஒரு மஞ்சள் துண்டுமே போதும்.

சன்னதியில் பூசாரி கேட்பார்: "பேரு, நட்சத்திரம்?" வீட்டில் எத்தனை பேசி வைத்திருந்தாலும் அந்த இடத்தில் அம்மாவின் வாயில் பழைய பெயர்தான் முதலில் வரும். இருபது வருடம் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அவர் நேர்ந்துகொண்டிருப்பார், மொட்டை போட்டிருப்பார், காது குத்தியிருப்பார். ஆனால் மகள் அந்தக் கூட்டத்தில், அவளுடைய தோழிகள் காதில் விழ, அந்தப் பெயரைக் கேட்க நேர்ந்தால் அது மனதைவிட்டுப் போவது கஷ்டம். ஆகவே அவள் பெயரையும் நட்சத்திரத்தையும் ஒரு சீட்டில் எழுதி அர்ச்சனைத் தட்டில் வையுங்கள். வாய் தடுமாறினால் சீட்டைப் பார்த்துப் படிக்கலாம். நட்சத்திரமும் ராசியும் பிறந்தபோது குறித்தவையே, அதில் ஒன்றும் மாற வேண்டியதில்லை. அப்பாவின் குலமும் கோத்திரமும் அவளுக்கும் உரியவை, தயங்காமல் சொல்லுங்கள்.

தாலி என்றதும் பெற்றவர்களுக்கு ஒரு பயம் வருகிறது. நாளைக்கு இவளுக்கு ஒரு வாழ்க்கை அமைந்தால் இது தடையாகிவிடுமோ, "தாலி கட்டிக்கிட்டாளாமே" என்று சொந்தக்காரர்கள் பேசுவார்களோ என்று. இது சாமிக்குச் செய்யும் வேண்டுதல். சுற்றுவட்டாரக் கிராமங்களில் ஆண்களும் சிறுவர்களும்கூட நேர்ந்துகொண்டு இதே தாலியைக் கட்டிக்கொள்கிறார்கள். மறுநாளே அறுத்தும் விடுகிறார்கள். வீட்டில் கேட்கும் பெரியவர்களுக்கு இந்த ஒன்றைச் சொன்னாலே பாதி கேள்வி அடங்கிவிடும்.

தாலி ஏறிய பிறகு வெளியே குவியல் குவியலாகக் கற்பூரம் எரியும். அதைச் சுற்றிக் கும்மியடிப்பார்கள், விடிய விடிய ஆட்டமும் பாட்டும். அம்மாக்களைக் கும்மிக்குள் இழுத்துவிடுவார்கள், இழுத்தால் போங்கள். நைலான் புடவையைத் தவிருங்கள், தீ அருகில் பருத்திதான் பாதுகாப்பு.

இரவில் கவனம் வேண்டும். வேடிக்கை பார்க்கவும் சீண்டவும் வரும் ஆண்கள் கூட்டம் ஒன்று உண்டு, கோயிலைவிட்டு விலகிய வயல்வெளிப் பக்கம் யாரும் தனியாகப் போகக் கூடாது. கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காமல் போகும் என்று வைத்துக்கொண்டு, வெளிச்சமுள்ள ஒரு கடையையோ காவல் உதவி மையத்தையோ சந்திக்கும் இடமாக முன்னாலேயே பேசி வையுங்கள். அறுவை சிகிச்சை முடிந்து புண் ஆறாதவர்கள் இந்த வருடம் விட்டுவிட்டு அடுத்த வருடம் வரலாம். நெரிசல் ஆகாதவர்களுக்குப் புதுச்சேரி பிள்ளையார்குப்பத்திலும் சிதம்பரம் பக்கம் கொத்தட்டையிலும் கூத்தாண்டவர் கோயில்கள் இருக்கின்றன. இன்னொன்று, மகளின் குருவையும் ஜமாத்துப் பெரியவர்களையும் பார்த்து இரண்டு வார்த்தை பேசுங்கள். நீங்கள் இல்லாத நாட்களில் அவளுக்குச் சோறு போட்டவர்கள், காய்ச்சலில் பக்கத்தில் இருந்தவர்கள் அவர்கள். ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்துக் கொடுத்தால் அதன் மதிப்பு அங்கே எல்லோருக்கும் புரியும்.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். தாலி கட்டியாயிற்று, கும்மி பார்த்தாயிற்று, வெயிலுக்கு முன் ஊர் போய்ச் சேரலாம் என்று புதன் விடியற்காலையில் வண்டி ஏறிவிடுகிறார்கள். புதன்கிழமைதான் இந்தத் திருவிழாவின் உயிர். சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து அரவானின் உடல் உறுப்புகள் வந்து சேர, கூவாகத்துச் சிரசு ஏறி, தேர் கிளம்பும். விவசாயிகள் தங்கள் நிலத்தில் விளைந்ததைத் தேர்மேல் சூறை விடுவார்கள். தேர் பந்தலடி என்ற இடத்துக்குப் போகும், அதுதான் களப்பலி இடம். அரவான் பலியானதும் எழும் ஒப்பாரியை முன்கூட்டிச் சொல்லிப் புரியவைக்க முடியாது. பூசாரி தாலியை அறுப்பார், வளையலை உடைப்பார், பூவைப் பிய்ப்பார், பொட்டை அழிப்பார்.

மகள் அழுவாள். "சாமிக்குத்தானம்மா, எதுக்கு இவ்வளவு அழுகை" என்று தேற்றப் போகாதீர்கள். அரவானுக்காகத் தொடங்கும் அழுகையில், வீட்டைவிட்டு வந்த ராத்திரியும், வாசலோடு திருப்பி அனுப்பப்பட்ட அக்கா கல்யாணமும் சேர்ந்து வந்துவிடும். அழுது முடிக்கட்டும். பக்கத்தில் உட்காருங்கள், தண்ணீர் கொடுங்கள். படம் எடுக்காதீர்கள், எடுக்க வருகிறவர்களையும் அனுமதிக்காதீர்கள்.

பந்தலடியில் தரை முழுக்க வளையல் சில்லு கிடக்கும். செருப்பைக் கழற்றாமல் நில்லுங்கள், பையில் பஞ்சும் பிளாஸ்திரியும் இருக்கட்டும். பிறகு கிணற்றிலோ மோட்டார் தண்ணீரிலோ தலை முழுகி வெள்ளைப் புடவை உடுத்த வேண்டும். புடவையை மட்டும் கொண்டுபோய் உள்பாவாடையையும் ரவிக்கையையும் மறப்பவர்கள் நிறைய. மூன்றும் பருத்தியில், வெள்ளையில். உடை மாற்ற மறைவிடம் கிடைப்பது சிரமம் என்பதால் இரண்டு பெரிய வேட்டி எடுத்துப் போனால் நான்கு பேர் பிடித்து மறைப்பாக நிற்கலாம். அண்ணன் தம்பிகள் வந்திருந்தால் வெளிப்பக்கம் திரும்பி நின்று வேட்டியைப் பிடிக்கட்டும், நல்ல வேலை அது. ஈரத் துணிக்கு ஒரு பிளாஸ்டிக் பை.

மாலையில் பலிசாதம் படைப்பார்கள், உறுமைசோறு என்று பெயர். பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் அதை வாங்கக் காத்திருப்பார்கள். அன்று இரவு காளி கோயிலில் அரவானுக்கு உயிர் கொடுப்பார்கள், முடிந்தால் அதையும் பார்த்துவிட்டே கிளம்புங்கள். அழுத கண்ணோடு மகளை வண்டி ஏற்றுவதைவிட, உயிர்த்தெழுந்த சாமியைக் கும்பிட்டபின் கூட்டிப் போவது மேல்.

வெள்ளையை எத்தனை நாள் உடுத்துவது என்பதில் ஒரே வழக்கம் இல்லை. வீடு சேரும்வரை உடுத்துகிறவர்கள் உண்டு, ஒரு மாதம் உடுத்துகிறவர்களும் உண்டு. அவளும் அவள் ஜமாத்தும் முடிவு செய்யட்டும். அந்த நாட்களில் வீட்டில் விருந்து, விசேஷம் வைக்காமல் இருப்பது மரியாதை. வண்ணப் புடவைக்குத் திரும்பும் அன்று அம்மா கையால் ஒரு ரவிக்கைத் துண்டும் பூவும் கொடுங்கள்.

அதன் பிறகு ஒரு நல்ல வெள்ளிக்கிழமை பார்த்துக் குலதெய்வம் கோயிலுக்குக் கூட்டிப் போங்கள். பங்காளிகள் கூடும் பொங்கலுக்கே முதல் தடவை அழைத்துப் போனால் கேள்விகள் அவள்மேல் விழும், முதலில் வீட்டு ஆட்கள் மட்டும் போய் வாருங்கள். ஒரு படி அரிசி, அரைக்கிலோ வெல்லம், தேங்காய், பழம் போதும். பொங்கல் பானையில் அவள் கையால் அரிசி போடட்டும். அங்கும் பூசாரி பெயர் கேட்பார். இந்த முறை சீட்டு வேண்டியிருக்காது. அப்பாவே சொல்லட்டும்.