புகை தெரியாத லாரி

லாரி கறுப்பாகப் புகைந்தால் காற்று போதவில்லை அல்லது டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒழுகுகிறது. நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளையாக வந்தால் டீசல் எரியாமல் போகிறது, இல்லையேல் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. வண்டி பட்டறைக்குள் திரும்பும்போதே பின்னால் வரும் புகையைப் பார்த்துப் பாதி வைத்தியத்தை முடிவு செய்துவிடலாம். மாதவரத்தில் பட்டறை போட்ட நாளிலிருந்து நான் தொழில் செய்தது இப்படித்தான். 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 என்ற மாசுக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்ட வண்டிகளைத்தான் விற்கலாம் என்று ஆன பிறகு அந்தக் கண்ணுக்கு வேலை இல்லாமல் போயிற்று. புது வண்டியில் இன்ஜெக்டர் ஒழுகினாலும் சைலன்ஸர் வாயில் பிடித்த வெள்ளைத் துணி வெள்ளையாகவே திரும்பி வருகிறது. கரி முழுவதையும் நடுவில் இருக்கும் டி.பி.எஃப். என்ற கரி வடிகட்டும் ஃபில்டர் பிடித்து வைத்துக்கொள்கிறது.

அது நிறைந்த பிறகுதான் என்னிடம் வருகிறார்கள். டிரைவர்கள் இதைச் சைலன்ஸர் அடைப்பு என்கிறார்கள். ஓனர்கள், அரசாங்கம் நம் தலையில் கட்டிய தண்டச் செலவு என்கிறார்கள். இரு தரப்பும் கேட்பது ஒன்றுதான்: கழற்றிக் கழுவிக் கொடு. ஏன் அடைத்தது என்று கேட்கிறவர் அபூர்வம்.

உள்ளே இருப்பது கார்டியரைட் அல்லது சிலிக்கான் கார்பைடால் ஆன பீங்கான் உருளை. நீளவாக்கில் ஆயிரக்கணக்கான மெல்லிய குழல்கள். ஒரு குழலுக்கு வாய் திறந்திருந்தால் பக்கத்துக் குழலுக்கு வாய் அடைத்திருக்கும். மறுமுனையில் இது தலைகீழ். ஆகவே உள்ளே போன புகை, குழலின் சுவரைத் துளைத்துக்கொண்டுதான் வெளியே வர முடியும். வாயு வந்துவிடும், கரி சுவரிலேயே தங்கிவிடும். தங்கிய கரியை எரித்துத் தள்ள இரண்டு வழிகள் வைத்திருக்கிறார்கள். லோடு ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓடும்போது, சைலன்ஸர் வெப்பம் 250 டிகிரியைத் தாண்டினால், புகையிலுள்ள நைட்ரஜன் டை ஆக்சைடே கரியை மெல்ல மெல்ல எரித்துவிடும். அது போதாதபோது கணினி கொஞ்சம் டீசலைக் கூடுதலாகத் தெளித்து, முன்னால் இருக்கும் வினையூக்கியில் அதை எரியவிட்டு, வெப்பத்தை 600 டிகிரி அளவுக்கு ஏற்றும். இதைத்தான் ரீஜென் என்கிறோம்.

சேலம், ஓசூர் என்று ஓடும் வண்டிகளுக்கு இந்த ஏற்பாடு கச்சிதமாகப் பொருந்துகிறது. அந்த வண்டிகளை நான் ஆயில் மாற்றும்போது மட்டுமே பார்க்கிறேன். என் பட்டறைக்குச் சோறு போடுவது துறைமுக டிரெய்லர்கள். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கன்டெய்னர் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும் நாளில், ஒரு டிரெய்லர் பத்தடி நகரும், நிற்கும், மறுபடி பத்தடி நகரும். இரவு முழுக்க எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். சும்மா ஓடும் எஞ்சினின் சைலன்ஸர் வெப்பம் பெரும்பாலும் 150 டிகிரியைத் தாண்டுவதில்லை. அந்தச் சூட்டில் கரி தானாக எரியாது. டீசலைத் தெளித்தாலும் வினையூக்கி பற்றிக்கொள்ளாது. கிலோமீட்டர் கணக்கைப் பார்த்தால் வண்டி ஓடவே இல்லை. ஃபில்டரைப் பார்த்தால் கழுத்து வரை கரி.

விளக்கு எரிவதிலும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் டி.பி.எஃப். விளக்கு மட்டும் எரியும். அப்போது வண்டியை நல்ல சாலையில் அரைமணி நேரம் விரட்டினாலே பல நேரம் அணைந்துவிடும். அடுத்தது விளக்கு சிமிட்டும்; ஓரமாக நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து, பொத்தானை அழுத்தி நின்ற இடத்திலேயே ரீஜென் செய்ய வேண்டும். அதையும் விட்டால் எஞ்சின் விளக்கு சேர்ந்து எரியும், வண்டியின் இழுவை குறைந்துவிடும். அதையும் தாண்டி ஓட்டிக்கொண்டு வந்தால் கணினி ரீஜெனுக்கே சம்மதிக்காது. அதன் பிடிவாதத்தில் நியாயம் இருக்கிறது. அவ்வளவு கரியும் ஒரே மூச்சில் பற்றிக்கொண்டால் பீங்கான் உருகும் அல்லது விரிசல் விடும்.

மணலிப் பக்கம் ஓடும் வண்டிகளில் இன்னொன்றையும் பார்க்கிறேன். சுத்திகரிப்பு ஆலை, எரிபொருள் கிடங்கு போன்ற இடங்களுக்குள் போகும்போது ரீஜென் தொடங்கிவிடக் கூடாது என்று தடுக்கும் சுவிட்ச் ஒன்று பல வண்டிகளில் உண்டு. உள்ளே போகும்போது அழுத்தச் சொல்லியிருப்பார்கள். வெளியே வந்ததும் விடுவிக்கச் சொல்ல யாரும் இல்லை. வாரக்கணக்கில் சுவிட்ச் அழுந்தியபடியே ஓடி, இழுவை போய் வந்து நிற்கும் வண்டிகள் உண்டு. நான் லேப்டாப்பை எடுப்பதற்கு முன் டேஷ்போர்டில் விரலை வைத்துப் பார்ப்பது அந்தச் சுவிட்சைத்தான்.

எஞ்சின் ஆயில் மட்டத்தைக் காட்டும் டிப்ஸ்டிக்கையும் பாருங்கள். ஆயில் குறைவதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். சில எஞ்சின்களில் ரீஜெனுக்கான டீசல் சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கப்படுகிறது. ரீஜெனைப் பாதியில் பாதியில் நிறுத்திக்கொண்டே இருந்தால் அந்த டீசல் சிலிண்டர் சுவர் வழியாகக் கீழே இறங்கி ஆயிலோடு கலக்கும். மட்டம் ஏறியிருந்தால் ஆயிலை உடனே மாற்ற வேண்டும். என் வண்டி ஆயிலே குடிப்பதில்லை என்று ஒரு ஓனர் பெருமையாகச் சொன்னபோது, எடுத்து முகர்ந்து பாருங்கள் என்று டிப்ஸ்டிக்கை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

இதுவரை சொன்னது கரியைப் பற்றி. சாம்பல் வேறு. பட்டறையில் நடக்கும் சண்டைகளில் முக்கால்வாசி இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால் வருகிறது. கரி டீசலிலிருந்து வருகிறது, எரித்தால் போய்விடும். சாம்பல் எஞ்சின் ஆயிலில் கலந்திருக்கும் கால்சியம், துத்தநாகம், பாஸ்பரஸ் போன்றவற்றிலிருந்து வருகிறது. எத்தனை முறை ரீஜென் செய்தாலும் அசையாது. குழல்களின் பின்முனையில் போய்ச் சேர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குழலின் நீளத்தையே குறைத்துவிடும். சிகே-4 என்ற டீசல் எஞ்சின் ஆயில் தரத்தில் சாம்பல் 1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அந்தக் கணக்கில் எஞ்சின் ஒரு லிட்டர் ஆயிலை எரித்தால் அதிகபட்சம் எட்டு ஒன்பது கிராம் சாம்பல். சின்ன அளவுதான். ஆனால் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் சீல் போய் ஆயிலைக் குடிக்கும் வண்டியிலோ, பழைய வண்டிக்கு வாங்கிய மலிவு ஆயில் மிச்சமிருக்கிறதே என்று ஊற்றிய வண்டியிலோ, லட்சக்கணக்கான கிலோமீட்டர் தாங்க வேண்டிய ஃபில்டர் பாதியிலேயே நிறைந்துவிடும்.

சாம்பல் நிறைந்தால்தான் கழற்ற வேண்டும். கழற்றியவுடன் நான் பார்ப்பது பின்முகத்தை. எஞ்சினை நோக்கிய முகம் கறுப்பாக இருப்பது இயல்பு. வெளியேறும் முகம் வெளுப்பாக இருக்க வேண்டும். அங்கே காசளவு கறுப்புத் திட்டு தெரிந்தாலும் உள்ளே பீங்கான் விரிசல் விட்டுவிட்டது என்று பொருள். அதைச் சுத்தம் செய்ய வாங்கும் காசு திருட்டுக் காசு. முகம் நன்றாக இருந்தால் எடை போட்டு எழுதிக்கொள்கிறேன். சுத்தம் செய்யும் இடத்துக்கு அனுப்பினால் அங்கே முதலில் ஓவனில் வைத்து, சூட்டைப் படிப்படியாக ஏற்றி, மிச்சக் கரியை எரித்து, அதே நிதானத்தில் ஆறவிடுகிறார்கள். பிறகு பின்முகத்திலிருந்து அழுத்தக் காற்றை நிறுத்தி நிறுத்தி அடித்து, வந்த வழியிலேயே சாம்பலை வெளியே தள்ளுகிறார்கள். வெளியே வருவது கறுப்பாக இருக்காது. வெளிறிய பழுப்பில், திருநீறு போல் விரலில் ஒட்டும். விரலில் தொட்டுப் பார்க்கலாம் என்று இதைப் படித்து யாரும் கிளம்ப வேண்டாம். நுரையீரலுக்குள் போகக் கூடாத தூள் அது. நல்ல முகக்கவசமும் தூளை உறிஞ்சும் இயந்திரமும் இல்லாத இடத்தில் ஃபில்டரை ஊதவே கூடாது. கடைசியில் மறுபடி எடை, காற்று தடையில்லாமல் போகிறதா என்ற சோதனை. பீங்கான் ஈரம் குடிக்கும் என்பதால் இரண்டு முறையும் சூடு முழுக்க ஆறுவதற்குள் எடை போடுகிறவரே விவரம் தெரிந்தவர்.

சிலர் வாட்டர் சர்வீஸ் செய்யும் இடத்தில் கொடுத்து, லாரி கழுவும் பம்பாலேயே ஃபில்டரையும் அடித்து வாங்கி வருகிறார்கள். சாம்பல் குழைந்து பின்முனையில் சேறாக இறங்கி, அடுத்த ரீஜென் சூட்டில் கல்லாகிவிடுகிறது. தண்ணீரால் சுத்தம் செய்ய அதற்கென்றே இயந்திரங்கள் உண்டு, அது வேறு கதை. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கொண்டுவந்தவரும் உண்டு. அதை மாட்டி ரீஜென் செய்தால் என்ன ஆகும் என்று அவரிடமே கேட்டேன், பதில் இல்லை. இன்னொரு வேடிக்கை, ஃபில்டரைத் தொடாமலே வண்டிக் கணினி வைத்திருக்கும் சாம்பல் கணக்கை லேப்டாப்பில் மட்டும் பூஜ்யமாக்கி பில் போடுவது. சுத்தம் செய்த பிறகு அந்தக் கணக்கை மாற்றத்தான் வேண்டும். ஆனால் கழற்றிய அடையாளமாகப் புது கேஸ்கட்டும் எடைச் சீட்டும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

திருவொற்றியூர் ஓனர் ஒருவரின் டிரெய்லர் சுத்தம் செய்த சில வாரங்களிலேயே மறுபடி அடைத்துக்கொண்டு வந்தது. என் வேலை சரியில்லை என்று அவர் கத்தினார். எடைச் சீட்டைக் காட்டினேன், நம்பவில்லை. ஃபில்டரின் முன்னும் பின்னும் அழுத்தத்தை அளக்கும் சென்சாரின் இரண்டு சிறு குழாய்களை முதலில் பார்த்தேன். முன்குழாய் ஓட்டையாகியிருந்தால் நிறைந்த ஃபில்டரையும் காலி என்று காட்டிவிடும். குழாய்கள் நன்றாக இருந்தன. பிறகு கேபினைச் சாய்த்து, டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டர்கூலர் ஹோஸை விரலால் தடவிக்கொண்டே போனேன். கிளாம்புக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், நகக்கண் அளவுக்கு ஒரு கீறல். சுற்றிலும் ஆயில் ஈரத்தில் தூசி அப்பியிருந்தது. எஞ்சின் வேகமெடுக்கும்போது அந்தக் கீறல் விரிந்து காற்று வெளியேறுகிறது, டீசல் அரைகுறையாக எரிகிறது, கரி கொட்டுகிறது. பழைய வண்டியாக இருந்தால் மேம்பாலம் ஏறும்போதே பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்துத் திட்டியிருப்பான், டிரைவர் அன்றைக்கே வந்திருப்பார். இந்த வண்டியில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஹோஸை மாற்றிய பிறகு அந்த ஃபில்டரைப் பற்றிப் பேச்சே இல்லை.

உள்ளிருக்கும் பீங்கானை உடைத்தெடுத்துவிட்டு, கணினியை ஏமாற்றும் மென்பொருளை ஏற்றித் தருகிறேன் என்று சொல்லும் ஆட்களும் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். புது ஃபில்டர் லட்சத்தில் பேசும் விலை என்பதால் ஓனர்களுக்குச் சபலம் வருகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆவது பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, மாசு விதியை மீறி ஓட்டினால் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும், உரிமத்துக்கும் மூன்று மாதம் தடை. டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012லேயே உறுதியாக அறிவித்துவிட்டது. பீங்கானை உடைத்தெடுக்கும் வேலையை நான் செய்வதில்லை. கன்டெய்னர் வண்டிகள் வரிசை கட்டும் அந்தச் சாலைக்கு இரு பக்கமும் வீடுகள் இருக்கின்றன, அதில் ஒன்றில் என் அக்கா குடியிருக்கிறார்.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம். நல்ல விதி. மே மாதத்தில் எண்ணூர் சாலையில் கேபினுக்குள் உட்கார்ந்து பார்த்தவர் யாரும் அதைக் குறை சொல்ல மாட்டார். ஆனால் ஏ.சி.க்காக வரிசையில் எஞ்சின் இன்னும் அதிக நேரம் சும்மா ஓடும், ஃபில்டர் இன்னும் சீக்கிரம் நிறையும். துறைமுக வண்டி வைத்திருக்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். வரிசையில் கிடந்த வண்டியை அப்படியே கொண்டுபோய் நிறுத்தாமல், மீஞ்சூரில் வெளிவட்டச் சாலையில் ஏற்றி, நெமிலிச்சேரி வரை சீரான வேகத்தில் ஓட்டச் சொல்லுங்கள். லோடு இருந்தால் இன்னும் நல்லது. ரீஜென் நடந்துகொண்டிருந்தால் முடியும் வரை எஞ்சினை அணைக்கச் சொல்லாதீர்கள். வெறும் ஓட்டத்துக்கு யார் டீசல் போடுவது என்று கேட்கிறார்கள். ஒரு ஓனர் மட்டும் அந்த டீசலையும் சுங்கத்தையும் பராமரிப்புச் செலவில் எழுதத் தொடங்கியிருக்கிறார். மற்றவர்கள் டிரைவர் படியில் கழித்துக்கொள்ளலாமா என்று என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.