டிராவலர் ஆட எந்தப் பதிப்பு? சாட்ஸ்வர்த் மேசையிலிருந்து

டிராவலர் என்ற ரோல்பிளேயிங் கேமுக்காக அண்ணன் மகள் உருவாக்கிய கேரக்டர், ஒரு விண்வெளி ஸ்கவுட், ஆட்டம் தொடங்கும் முன்பே செத்துப்போனான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கரண்ட் இல்லை, சாப்பாட்டு மேசை நடுவில் சார்ஜ் விளக்கு, அதன் பக்கத்தில் இரண்டு பகடை. மூன்றாவது பணிக்காலம். பிழைக்க இரண்டு பகடையும் சேர்ந்து 7க்குக் குறையக்கூடாது, விழுந்தது 2ம் 3ம். அவனுடைய தாங்குசக்தி 8. அது 9 ஆக இருந்திருந்தால் விதிப்படி 2 கூட்டிக்கொண்டு சரியாக 7 வந்திருக்கும். "அங்கிள், நிஜமாவே செத்துட்டானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவனுக்குப் பெயர் வைத்து, ஊர் வைத்து, ஒரு தங்கச்சியைக்கூட வைத்திருந்தாள். தாளைக் கிழிக்க மனசில்லாமல் மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

அன்று நாங்கள் ஆடியது டிராவலரின் 1981 பதிப்பு. இரண்டு வருஷமாக அண்ணன், அண்ணி, அவர்கள் மகள், என்னோடு வேலை பார்க்கும் மதுரைத் தம்பி ஒருவன், நான், இந்த ஐந்து பேரும் பதிப்பு மாற்றி மாற்றி ஆடிக்கொண்டிருக்கிறோம். நான் தூத்துக்குடிக்காரன், வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் வந்தவன். நாங்கள் ஆடும் சாட்ஸ்வர்த் டர்பனில் ஒரு பகுதி. அண்ணன் என்று நான் கூப்பிடுபவர் என் கூடப்பிறந்தவர் இல்லை, இங்கேயே பிறந்தவர், நாலாவது தலைமுறை, அவருடைய தமிழ் ஆயாவிடம் கற்ற தமிழ். எங்கள் மேசையில் தமிழும் இங்கிலீஷும் கலந்துதான் ஓடும். எந்தப் பதிப்பு வாங்கலாம் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள், அதனால் நாங்கள் ஆடிப் பார்த்ததையும் நான் படித்துப் பார்த்ததையும் வைத்து எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது அறிவியல் புனைவு ரோல்பிளேயிங் கேம். ஒருவர் நடுவர், மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டர். தூரத்து எதிர்காலத்தில், பல நட்சத்திரங்களுக்கு நடுவே, பெரும்பாலும் ஒரு பழைய சரக்குக் கப்பலில் பிழைப்பு நடத்துகிறார்கள். மார்க் மில்லர் வடிவமைத்து, அமெரிக்காவில் இல்லினாய்ஸில் இருந்த கேம் டிசைனர்ஸ் வொர்க்‌ஷாப் 1977ல் வெளியிட்டது. ஒரு பெட்டி, அதற்குள் மூன்று சின்னக் கறுப்புப் புத்தகங்கள், அட்டையில் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. பெட்டியின் மேல் படம் கிடையாது. தாக்குதலில் மாட்டிக்கொண்ட ஒரு வணிகக் கப்பல் உதவி கேட்டுக் கூப்பிடும் சில வரிகள்தான் இருக்கும். அந்த வரிகளைப் படித்த அன்றே நான் இந்த ஆட்டத்துக்கு விழுந்துவிட்டேன்.

மற்ற ஆட்டங்களில் கேரக்டர் என்றால் ஒன்றும் தெரியாத இளைஞன், போகப் போகத்தான் வளர்வான். டிராவலரில் ஆட்டம் தொடங்கும்போதே கேரக்டருக்கு முப்பது, நாற்பது வயசு ஆகியிருக்கும். 18 வயதில் கடற்படை, மரைன், தரைப்படை, ஸ்கவுட், வணிகக் கப்பல், இதர வேலை என்ற ஆறில் ஒன்றில் சேர்வான். நாலு நாலு வருஷமாகப் பணிக்காலம் ஓடும். ஒவ்வொன்றிலும் பிழைத்தானா, பதவி உயர்ந்தானா, என்ன கற்றான் என்று பகடை சொல்லும். 34 வயதிலிருந்து முதுமைக்கும் பகடை போடவேண்டும். கடைசியில் கையில் இருப்பது ஆறு எண்கள்: பலம், சுறுசுறுப்பு, தாங்குசக்தி, அறிவு, படிப்பு, சமூக மதிப்பு. அதை 687952 என்று ஒரே வரிசையாக எழுதிவிடுவார்கள். ஒரு ஆளின் மொத்தமும் அந்த ஒரு வரிதான்.

அந்தப் பிழைப்புப் பகடையைக் கணக்குப் போட்டால் பகீர் என்கிறது. ஸ்கவுட்டுக்கு 7 வேண்டும் என்றால் ஒரு பணிக்காலத்தில் பிழைக்கும் வாய்ப்பு 36ல் 21, அதாவது 58 சதவீதம். மூன்று பணிக்காலம் தாண்டி 30 வயதைத் தொடுபவன் ஐந்தில் ஒருவன்தான். தாங்குசக்தி 9 இருந்தால் அதே மூன்று பணிக்காலத்துக்கு வாய்ப்பு 58 சதவீதமாக ஏறிவிடுகிறது. 1981ல் திருத்தி வெளியிட்டபோது, பகடை தவறினால் சாகவேண்டாம், காயத்தோடு வேலையை விட்டு வெளியேறலாம் என்று ஒரு விருப்ப விதி சேர்த்தார்கள். நாங்கள் அதை எடுத்துக்கொள்ளவில்லை. இன்னொரு பணிக்காலம் போகலாமா, இதோடு நிறுத்தலாமா என்று யோசிக்கும்போது கை நடுங்கவேண்டும். அந்த நடுக்கம் இல்லாவிட்டால் இந்த முறையில் பாதி உயிர் போய்விடும் என்பது என் கட்சி. அண்ணிக்கு இதில் உடன்பாடு இல்லை. "பிள்ளை அழுவுது, விதி விதின்னு பேசறீங்க" என்று சொல்லிவிட்டார்.

அண்ணன் அன்று ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துவந்தார். அவருடைய கொள்ளுத்தாத்தா ஒப்பந்தக் கூலியாக நேட்டாலுக்கு, அதாவது டர்பன் இருந்த அன்றைய பிரிட்டிஷ் காலனிக்கு, வந்த கப்பலின் ஆள் பட்டியல், அந்த ஒரு வரியின் நகல். ஒரு எண், பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஊர். அவ்வளவுதான். முதல் கப்பல் ட்ரூரோ மெட்ராஸிலிருந்து டர்பன் வந்து சேர்ந்தது 1860 நவம்பர் 16ல். அதற்கப்புறம் 1911 வரை கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன. ஐந்து வருஷ ஒப்பந்தம், மாசம் பத்து ஷில்லிங்கில் தொடக்கம், பத்து வருஷம் இருந்தால் திரும்பிப் போக இலவசப் பயணம். 1895ல் போட்ட சட்டம், ஒப்பந்தம் முடிந்து ஊருக்கும் போகாமல் மறுபடி ஒப்பந்தமும் போடாமல் இங்கேயே இருப்பவர்களிடம் வருஷம் 3 பவுண்டு வரி கேட்டது. அண்ணன் அந்தத் தாளை டிராவலர் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் ஒரு ஆளை ஒரு வரியில் அடக்கியிருந்தார்கள்.

பழைய பதிப்பில் இன்னொரு விதி இருக்கிறது. பணிக்காலம் முடிந்ததும் மறுபடி சேர்வதற்குப் பகடை போடவேண்டும். அதில் 12 விழுந்தால் உனக்கு விருப்பம் இருக்கிறதோ இல்லையோ, இன்னும் நாலு வருஷம் இருந்தே ஆகவேண்டும். அதைப் படித்துக் காட்டியபோது அண்ணன் சொன்னது: "இதை எழுதினவருக்கு எங்க ஆயா கதை தெரிஞ்சிருக்கு." அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அந்த விதியின் கனத்தை அந்த மேசையில் அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சரி, மற்ற பதிப்புகளுக்கு வருகிறேன். 1987ல் மெகாடிராவலர் வந்தது. ஆட்டத்தின் உலகை ஆளும் பேரரசர் ஸ்ட்ரெஃபான் கொல்லப்பட்டு, அவருடைய மூன்றாம் பேரரசு உடைந்து, ஆளுக்கொரு பக்கம் உள்நாட்டுப் போர் என்பது அதன் பின்னணி. விதிகளில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். எந்தச் செயலுக்கும் ஒரே அளவுகோல்: எளிது என்றால் 3, வழக்கமானது 7, கடினம் 11, மிகக் கடினம் 15. 1977ல் ஒவ்வொரு திறனுக்கும் தனித்தனி விதி, நடுவர் பக்கம் புரட்டிக்கொண்டே இருக்கவேண்டும். இந்த அளவுகோல் வந்தபிறகு புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஆடலாம். ஆனால் அச்சுப் பிழைகளும் விடுபட்ட அட்டவணைகளும் ஏராளம். திருத்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் கப்பல் வடிவமைக்கவே முடியவில்லை, நாங்கள் மூன்று வாரத்தில் விட்டுவிட்டோம்.

அதற்கடுத்து வந்த நியூ எரா என்ற பதிப்பில் அறிவு பெற்ற ஒரு கணினி வைரஸ் எல்லாக் கப்பல்களையும் உலகங்களையும் அழித்துவிட, எஞ்சியவர்கள் மறுபடி தொடங்குகிறார்கள். பகடையும் இருபது முகத்துக்கு மாறிவிட்டது. எனக்கு அந்த உலகம் ஒட்டவில்லை. பதினைந்து வருஷமாக ஜனங்கள் ஆடி ஆடி வளர்த்த ஊர்களை ஒரே அடியில் சாம்பலாக்கியது இன்றைக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது. 1996ல் கேம் டிசைனர்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனமே மூடிவிட்டது. அதே வருஷம் இம்பீரியம் கேம்ஸ் நாலாவது பதிப்பைக் கொண்டுவந்தது. வேலை கடினமாக ஆக ஆகப் பகடை எண்ணிக்கை கூடும், அதில் அரைப் பகடை என்று ஒன்று வேறு. ஒரு தடவை ஆடினோம், போதும். 1998ல் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் எந்தக் கதைக்கும் பொருந்தும் கர்ப்ஸ் என்ற தன்னுடைய பொது விதிகளில் டிராவலரைக் கொடுத்தது. அதில் பேரரசர் கொல்லப்படவே இல்லை, வரலாறு வேறு வழியில் போகிறது. அந்த வரிசைப் புத்தகங்கள் படிக்க அருமை, உலக விவரங்களுக்கு இன்றும் நான் புரட்டுவது அதைத்தான். ஆனால் கேரக்டரைப் புள்ளிகள் கொடுத்து வாங்குகிறோம். வாங்கிய வாழ்க்கைக்கும் நடந்த வாழ்க்கைக்கும் வித்தியாசம் இருக்கிறது.

மங்கூஸ் என்ற நிறுவனத்தின் பதிப்பு 2008ல் வந்தது, இரண்டாம் பதிப்பு 2016, அதைத் திருத்தி 2022ல் மறுபடி. இங்கேதான் கொஞ்சம் நின்று பேசவேண்டும். மறுபடி இரண்டு ஆறு முகப் பகடை, 8 விழுந்தால் வெற்றி, கூடவே திறனுக்கும் சூழலுக்கும் கூட்டல் கழித்தல். பிழைப்புப் பகடை தவறினால் சாவு கிடையாது. விபத்து அட்டவணையில் ஒன்று விழும், வேலை போகும், ஆனால் ஆள் இருப்பான். பிழைத்தால் அந்த நாலு வருஷத்தில் நடந்த ஒரு சம்பவத்துக்கும் பகடை உண்டு. நண்பன், எதிரி, போட்டியாளன் என்று ஆட்கள் தானாக வந்து சேர்கிறார்கள்.

ஸ்கவுட் செத்த மறுவாரம் அண்ணன் மகளுக்கு இதைக் கொடுத்தேன். மறுபடியும் ஸ்கவுட் எடுத்தாள், மறுபடியும் பிழைப்புப் பகடை தவறியது, விபத்து அட்டவணையில் விழுந்தது 5. என்ன நடந்தது என்றே உனக்கு நினைவில்லை, உன் கப்பல் எல்லையோரத்தில் மிதந்துகொண்டிருந்ததைக் கண்டெடுத்தார்கள், என்று போட்டிருந்தது. அவள் கண் விரிந்தது. இன்னொரு விதியும் இதில் உண்டு: இரண்டு பேர் தங்கள் கடந்த காலச் சம்பவங்களை ஒன்றாகக் கோர்த்துக்கொண்டால் ஆளுக்கொரு திறன் கிடைக்கும். அண்ணனின் கேரக்டர் வணிகக் கப்பலில் இருந்தவன். "உன் கப்பலைக் கண்டுபிடிச்சது நான்தான்" என்றார். "அப்ப உள்ளே என்ன பார்த்தீங்க?" என்று அவள் கேட்க, "சொல்லமாட்டேன்" என்றார். இதெல்லாம் ஆட்டம் தொடங்கும் முன்பு! அந்த ரகசியத்தை வைத்தே எங்கள் அடுத்த நாலு மாசம் ஓடியது.

அதனால் இந்த விஷயத்தில் அண்ணி சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொள்கிறேன். சாவு பயம் கொடுத்த நடுக்கத்தைவிட இந்த அட்டவணைகள் கொடுக்கும் கதை பெரியது. ஆனாலும் மடித்துவைத்த அந்தத் தாளை அவள் இன்னும் வைத்திருக்கிறாள், இரண்டாவது ஸ்கவுட்டுக்கு முதலாமவனின் தங்கச்சியையே தங்கச்சியாகப் போட்டிருக்கிறாள். பழைய பதிப்பு கொடுத்தது அது.

2013ல் வந்த டிராவலர் 5 பற்றி: 600 பக்கத்துக்கு மேல், துப்பாக்கி முதல் விலங்கு வரை எல்லாவற்றையும் உருவாக்க விதி. மார்க் மில்லரின் மூளைக்குள் நடமாடுவது போலப் படிக்கலாம், ஆனால் எங்கள் மேசையில் ஆட முடியவில்லை. செலவு குறைவாக வேண்டும் என்பவர்கள் செஃபியஸ் எஞ்சின் பாருங்கள், மங்கூஸ் முதல் பதிப்பு திறந்த உரிமத்தில் விட்டதிலிருந்து கிளைத்தது, விதிகள் கிட்டத்தட்ட ஒன்றே. அச்சுப் புத்தகம் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவு புத்தக விலையைத் தொடுகிறது, எனக்கு ஒரு பார்சல் வந்து சேரவே இல்லை. பிடிஎஃப் வாங்கி இங்கேயே பிரிண்ட் போட்டு ஸ்பைரல் பைண்டிங் செய்துகொள்வது நல்லது.

பணத்துக்கு வருவோம். டிராவலரை டிராவலர் ஆக்குவது கப்பல் கடன். பழைய பதிப்பில் 200 டன் வணிகக் கப்பலின் விலை 3 கோடியே 70 லட்சத்து 80 ஆயிரம் கிரெடிட். ஐந்தில் ஒரு பங்கு முன்பணம், மீதிக்கு 480 மாதம் தவணை, மாதத்துக்கு விலையில் 240ல் ஒரு பங்கு. அதாவது மாதம் 1,54,500, நாற்பது வருஷம். ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவ ஒரு வாரம், இறங்கிச் சரக்கு ஏற்ற ஒரு வாரம், ஆக மாதத்துக்கு இரண்டு பயணம். சரக்கு டன்னுக்கு 1,000. ஆள் கட்டணம் உயர்வகுப்பு 10,000, நடுவகுப்பு 8,000, உறைநிலைப் பெட்டியில் படுத்துக்கொண்டு போனால் 1,000. இதில் எனக்கொரு குறை உண்டு: எவ்வளவு தூரம் தாவினாலும் கட்டணம் அதேதான். இரண்டு பார்செக் (நட்சத்திரத் தூர அளவு) தாவும் கப்பல் கட்டியவனுக்கு என்ன லாபம்? மங்கூஸில் தூரத்துக்கேற்பக் கட்டணம் ஏறுகிறது, அது நியாயம்.

உறைநிலைப் பெட்டியில் வந்தவர் எழுந்திருக்கப் பழைய பதிப்பில் 5 விழவேண்டும். நல்ல மருத்துவர் இல்லாவிட்டால் ஆறில் ஒருவர் எழுந்திருக்கமாட்டார். எத்தனை பேர் பிழைப்பார்கள் என்று பயணிகளே ஆளுக்குப் பத்து கிரெடிட் பந்தயம் கட்டும் வழக்கமும் விதிப் புத்தகத்தில் இருக்கிறது. அண்ணன் அந்தப் பந்தயத்தை எங்கள் கப்பலில் அனுமதிக்கவில்லை. கப்பலில் செத்தவர்களைக் கடலில் போட்டார்கள் என்று ஆயா சொன்னதாகச் சொன்னார், அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. மங்கூஸில் மருத்துவரின் திறனை வைத்துப் பகடை போடுகிறோம், நல்ல மருத்துவரைக் கூட வைத்துக்கொண்டால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

நான் பார்த்த எல்லாப் பதிப்பிலும் மாறாத ஒன்று, சேதி கப்பலைவிட வேகமாகப் போகாது என்பது. ரேடியோ கிடையாது, போன் கிடையாது. அடுத்த நட்சத்திரத்தில் அம்மா செத்தால் யாராவது கப்பலில் வந்து சொல்லும்வரை மகனுக்குத் தெரியாது. டர்பனின் பிளஃப் மேட்டில் நின்றால் துறைமுகத்துக்குள் வர முறைக்காகக் காத்திருக்கும் சரக்குக் கப்பல்கள் வரிசையாகத் தெரியும், ராத்திரியில் வெறும் விளக்குகள் மட்டும். ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் சில நாள் அங்கே வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் போவேன்.

ஆக, புதிதாகத் தொடங்குகிறவர்கள் மங்கூஸ் 2022 வாங்குங்கள், கண்ணை மூடிக்கொண்டு. கேரக்டர் அதிலேயே செய்யுங்கள். கப்பல் கணக்குக்கு மட்டும் நாங்கள் 1981 எண்களையே வைத்திருக்கிறோம், ஏனென்றால் ஒரு நோட்டுப் பக்கத்தில் அடங்கிவிடுகிறது. கணக்கு எழுதுவது அண்ணி. போன மாதப் பக்கம் இப்படி: முதல் பயணம் சரக்கு 61 டன், நடுவகுப்பு மூன்று பேர், பெட்டியில் ஐந்து பேர், வரவு 90,000. இரண்டாவதில் 48 டன், உயர்வகுப்பு இரண்டு பேர், பெட்டியில் நாலு பேர், வரவு 72,000. எரிபொருள் 30,000, சாப்பாடும் காற்றும் 26,900, துறைமுகக் கட்டணம் 200. யாரும் சம்பளம் எடுக்கவில்லை. கையில் 1,04,900. தவணைக்கு இன்னும் 49,600 குறைகிறது, வரும் ஞாயிறு யாரிடம் என்ன வேலை கேட்பது என்று அண்ணன் இப்போதே தினமும் போன் பண்ணிக்கொண்டிருக்கிறார்.