கம்பைலரை இரண்டு தடவை கட்டிய ராத்திரி

என் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் மாதிரியே இலவசமான இன்னொரு இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டி 13.2 ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, வைஃபை மட்டும் அரை மணிக்கு ஒருதரம் கோபித்துக்கொண்டு போய்விடும். அதற்கான திருத்தம் 14-இன் ஸ்டேபிள் கிளையில், அதாவது வெளியீடுகளுக்கு இடையே திருத்தங்கள் சேரும் நிரல் கிளையில், சேர்ந்துவிட்டது என்று தெரிந்தது. ஆனால் ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட் கட்டளை முறையான வெளியீடுகளுக்கு மட்டும்தான் தயார் பைனரி (ஏற்கெனவே கட்டி வைத்த நிரல்) தரும். ஸ்டேபிள் கிளைக்காக மூல நிரலை இறக்கி நானே கட்டிக்கொள்ளத் தீர்மானித்தேன். பத்து வருடமாக லினக்ஸில் குப்பை கொட்டுபவன் நான். இயங்குதளத்தின் மையமான கெர்னலை இரண்டு மூன்று தடவை கம்பைல் செய்திருக்கிறேன், அதாவது மூல நிரலிலிருந்து ஓடும் நிரலாகக் கட்டியிருக்கிறேன், முழு இயங்குதளத்தையும் கட்டியதில்லை. சரி, ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி போனால் போகட்டும் என்று உட்கார்ந்தேன். மூன்று ராத்திரி போனது.

நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் களஞ்சியத்திலிருந்து ஸ்டேபிள் 14 கிளையை /யுஎஸ்ஆர்/எஸ்ஆர்சி அடைவுக்குள் இறக்கினேன். பழைய வழிகாட்டிகளில் கிட்டுக்கு முந்தைய கருவியான 'எஸ்விஎன்' என்று ஆரம்பித்தால் தாண்டிப் போய்விடுங்கள். ஃப்ரீபிஎஸ்டிகாரர்கள் 2020 டிசம்பரிலேயே கிட்டுக்கு மாறிவிட்டார்கள். முழு வரலாறும் வேண்டாம் என்றால் 'டெப்த் 1' கொடுத்து இறக்கலாம், டேட்டா மிச்சம்.

கட்டுவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் அந்த மூல நிரல் மரத்துக்குள்ளேயே (அடைவுக்குள் அடைவாகக் கிளைப்பதால் மரம்) சுற்றிக்கொண்டிருந்தேன். லினக்ஸில் கெர்னல் ஓரிடத்தில் இருக்கும், நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் சி லைப்ரரி இன்னோரிடத்தில், 'எல்எஸ்', 'கேட்' போன்ற சில்லறைக் கட்டளைகள் வேறோரிடத்தில். லினக்ஸைத் தொகுத்து வெளியிடும் டிஸ்ட்ரோக்காரர்கள்தான் எல்லாவற்றையும் கோத்துக் கொடுப்பார்கள். இங்கே எல்லாமே ஒரே மரம். 'சிஸ்' அடைவில் கெர்னல், 'லிப்'பில் லைப்ரரிகள், 'பின்', 'எஸ்பின்', 'யுஎஸ்ஆர்.பின்' என்று கட்டளைகள். ஓடும் கணினியில் ஒரு கட்டளை எந்த அடைவில் இருக்கிறதோ, கிட்டத்தட்ட அதே பெயரில்தான் அதன் மூல நிரலும் இருக்கிறது. 'பின்' அடைவுக்குள் 'கேட்' என்று போனால் ஒரு சி கோப்பு, அதன் கையேட்டுப் பக்கம், எப்படிக் கட்டுவது என்று சொல்லும் சின்ன மேக்ஃபைல், சோதனைகளுக்கு ஒரு அடைவு. அவ்வளவுதான். சி கோப்பின் தலையில் 1989, 1993 என்று ஆண்டு போட்டு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பதிப்புரிமைக் குறிப்பு. கெவின் ஃபால் என்பவர் பெர்க்லிக்குக் கொடுத்த நிரல் என்று அடுத்த வரி. தினமும் நூறு தடவை தட்டும் கட்டளை யார் கையிலிருந்து வந்தது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

வெளியிலிருந்து வந்தவை 'கான்ட்ரிப்' அடைவில் வாடகைக்கு இருக்கின்றன. அதில் பெரிய வாடகைக்காரர் எல்எல்விஎம், அதாவது க்ளாங் கம்பைலர் அடங்கிய தொகுப்பு. 2014-இல் வந்த 10.0 முதல் முக்கியமான கட்டமைப்புகளில் பழைய ஜிசிசி கம்பைலருக்குப் பதில் க்ளாங்தான் இயல்பான கம்பைலர். மறையாக்கத்துக்கான ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சும் ஓப்பன்எஸ்எஸ்எல்லும் 'க்ரிப்டோ'வில் இருக்கின்றன.

மரத்தின் உச்சியில் 'அப்டேட்டிங்' என்று ஒரு கோப்பு. தேதி போட்டு, புதியது மேலே வருகிற மாதிரி, எந்த மாற்றம் யார் தலையில் விழும் என்று எழுதி வைத்திருப்பார்கள். கடைசியில் கட்டும் படிகள் வரிசையாக இருக்கும். இதைப் படிக்காமல் ஆரம்பிக்காதீர்கள். நான் மேல்பாதியைப் படித்துவிட்டு ஆரம்பித்தேன்.

முதல் கட்டளை 'மேக் பில்ட்வேர்ல்டு', கெர்னல் தவிர மற்ற எல்லாவற்றையும் கட்டுவது. நாலு த்ரெட் உள்ள கணினிக்கு வேகமாக முடியட்டும் என்று ஒரே நேரத்தில் எட்டு வேலை கொடுத்தேன். எட்டு ஜிபி நினைவகம் எல்எல்விஎம் பகுதி வந்ததும் மூச்சுத் திணறி, கெர்னலே கம்பைலரைக் கொன்றுவிட்டது. நாலாகக் குறைத்தேன். சோதனைகள் வேண்டாம், நான் கண்ணால் பார்த்திராத சிப்புகளுக்கான எல்எல்விஎம் பகுதிகள் வேண்டாம் என்று 'எஸ்ஆர்சி.கான்ஃப்' கோப்பில் எழுதி வைத்தேன். இரண்டாவது தடவை ஆரம்பித்தபோது மணி எட்டரை.

திரையில் கட்டம் கட்டமாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் உறைத்தது. கம்பைலர் இரண்டு தடவை கட்டப்படுகிறது. 13.2-இல் இருப்பது க்ளாங் 14. புதிய மரத்தில் இருப்பது அதைவிடப் புதியது. அதனால் பழையதை வைத்து முதலில் புதிய கம்பைலர் ஒன்றைக் கட்டுகிறார்கள். அப்புறம் அந்தப் புதியதை வைத்து மற்ற எல்லாவற்றையும், நாளைக்குக் கணினியில் உட்காரப்போகும் கம்பைலரையும் சேர்த்து, கட்டுகிறார்கள். ராத்திரியில் பாதிக்கு மேல் இதற்கே போனது. இயங்குதளம் என்று நாம் நினைக்கிற மற்றதெல்லாம் அதன் பக்கத்தில் கொசுறு.

பத்து மணிக்கு அம்மா எட்டிப் பார்த்து, "டேய், அந்தப் பொட்டி என்னடா இப்படி ஊதுது?" என்றார். பதினோரு மணிக்குக் கரண்ட் போனது. மடிக்கணினியின் பேட்டரி செத்து ஒரு வருடம் ஆகிறது. நல்ல வேளை, 'மெட்டா மோடு' போட்டிருந்தேன். ஒவ்வொரு கோப்பும் எந்தக் கட்டளையால், எந்தெந்தக் கோப்புகளைத் தொட்டு உருவானது என்று அது குறித்து வைத்துக்கொள்ளும். மறுபடி ஓட்டினால் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்ளும். இதற்கு 'ஃபைல்மான்' என்ற கெர்னல் மாட்யூலை முன்னாலேயே ஏற்றி வைக்க வேண்டும். எல்லாம் முடிந்தபோது மணி மூன்று.

அடுத்த ராத்திரி கெர்னல். இங்கேதான் என் மேதாவித்தனம். ஜெனரிக் என்ற இயல்பான அமைப்புக் கோப்பை அப்படியே பிரதி எடுத்து, 'வைகை' என்று பெயர் வைத்து, தேவையில்லாதவற்றை வெட்ட ஆரம்பித்தேன். ஃப்ளாப்பி போச்சு. ரெய்டு கார்டுகள் போச்சு. 'ஏடிஏ கன்ட்ரோலர்கள்' என்று ஒரு பகுதி வந்தது. ஏடிஏ என்றால் அந்தக் காலத்து ரிப்பன் கேபிள் டிஸ்க்தானே என்று நாலு வரியையும் மொத்தமாகத் தூக்கினேன். அதில் முதல் வரி 'ஏஹெச்சிஐ'. இன்றைய சாட்டா டிஸ்க்குகள் எல்லாம் அதன் வழியாகத்தான் பேசும்.

கெர்னலை நிறுவிவிட்டு ரீபூட் செய்தேன். வரிகள் ஓடின, பழைய நண்பர்களின் பெயர்கள் எல்லாம் வந்தன, அப்புறம் 'எர்ரர் 19' என்று சொல்லி முதன்மை டிஸ்க் எங்கே என்று 'மவுன்ட்ரூட்' கேட்டபடி நின்றது. டிஸ்க்கிலிருந்துதானே கெர்னல் ஏறியது, அந்த டிஸ்க்கே இல்லை என்கிறதே என்று ஐந்து நிமிடம் திகைத்தேன். கெர்னலை ஏற்றிய லோடர், டிஸ்க்கைப் படிக்க, கணினியிலேயே பதிந்திருக்கும் ஃபர்ம்வேரின் உதவியைத்தான் எடுத்துக்கொள்கிறது. கெர்னல் கண் விழித்த பிறகு தன் சொந்த டிரைவரால் தேடுகிறது. அந்த டிரைவரைத்தான் நான் வெட்டியிருந்தேன்.

காப்பாற்றியது பழைய கெர்னல். புதியதை நிறுவும்போது, முன்னதை 'கெர்னல்.ஓல்டு' என்று ஒதுக்கி வைக்கிறார்கள். லோடர் மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்து உள்ளே வந்துவிட்டேன். அமைப்புக் கோப்பையும் வேறு மாதிரி எழுதினேன்: ஜெனரிக்கை 'இன்க்ளூட்' செய்துவிட்டு, வேண்டாதவற்றுக்கு மட்டும் 'நோடிவைஸ்' என்று ஐந்து வரி. பிரதி எடுத்து வெட்டும் வேலையே வேண்டாம்.

இந்த இடத்தில் வரிசை முக்கியம். முதலில் கெர்னலை மட்டும் நிறுவ வேண்டும், ரீபூட் செய்ய வேண்டும், அதற்குப் பிறகுதான் மற்றவை. புதிய கெர்னல் பழைய நிரல்களை ஓட்டத் தெரிந்தது. பழைய கெர்னலுக்குப் புதிய நிரல்கள் கேட்கும் சிஸ்டம் கால் தெரியாமல் போகலாம். மாற்றிச் செய்தால் பாதி வழியில் 'எல்எஸ்' கூட ஓடாத நிலைமை வரும்.

மூன்றாவது ராத்திரி, மற்ற சேவைகள் எதுவும் ஓடாத சிங்கிள் யூசர் முறையில் ஏறி, டிஸ்க்கை எழுதும்படி மவுன்ட் செய்து, பழக்கதோஷத்தில் 'டேட்' என்று தட்டினேன். சுவரில் ஒன்பது பத்து. திரையில் அடுத்த நாள் அதிகாலை இரண்டு நாற்பது. இதே கணினியில் விண்டோஸும் இருப்பதால் உள்கடிகாரம் இந்திய நேரத்தில் ஓடுகிறது. சிங்கிள் யூசரில் அதை உலக நேரம் என்று எடுத்துக்கொண்டு, மேலே ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிவிட்டது. 'அட்ஜ்கெர்ன்டிஸெட் -ஐ' என்று ஒரு கட்டளை போட்டதும் சரியானது. அப்டேட்டிங் கோப்பின் கீழ்ப்பாதியைப் படித்திருந்தால் தெரிந்திருக்கும்.

அமைப்புக் கோப்புகளைப் புதுப்பிக்கும் 'எட்க்அப்டேட்' சின்ன p-யோடு, கட்டியதை நிறுவும் 'இன்ஸ்டால்வேர்ல்டு', மறுபடி 'எட்க்அப்டேட்', இந்தத் தடவை கேப்பிட்டல் B-யோடு. ஐந்து நிமிடத்தில் முடிந்தது. பயனர் பட்டியல் உள்ள மாஸ்டர்.பாஸ்வேர்டு கோப்பில் மட்டும் முரண்பாடு காட்டி, என்னுடையதா அவர்களுடையதா என்று கேட்டது. தூக்கக் கலக்கத்தில் 'அவர்களுடையது' என்று தட்டியிருந்தால் என் கணக்கே போயிருக்கும். எடிட்டரில் திறந்து கையால் சேர்த்தேன்.

ரீபூட் ஆனதும், ஓடும் கெர்னலின் பெயரைக் காட்டும் 'யுநேம் -ஐ' தட்டினேன். வைகை என்று வந்தது. பழைய லைப்ரரிகளை உடனே துடைக்கவில்லை. 14-இல் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1-இலிருந்து 3.0-க்குத் தாவியிருக்கிறது, 13-க்காக நிறுவிய மென்பொருள்கள் எல்லாம் பழையதையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும். லைப்ரரிகளை நம்பியிராத நிறுவும் கருவியான 'பிகேஜி-ஸ்டாட்டிக்' வைத்து அத்தனையையும் மறுபடி நிறுவினேன். அப்புறம்தான் 'டெலீட்-ஓல்டு-லிப்ஸ்'. அது ஒவ்வொரு கோப்புக்கும் அழிக்கட்டுமா என்று கேட்டுக்கொண்டிருக்க, நான் 'ஒய்' 'ஒய்' என்று தட்டிக்கொண்டே வைஃபை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி தாண்டி ஒரு மணி நேரமும் ஆகிவிட்டது, அணையவில்லை.