ஹில்லிங்டனில் 22 சுற்றுகள்

பிரிட்டனில் சாலைச் சைக்கிள் பந்தயத்திற்குப் புதிதாக வருகிறவர் எவரானாலும் நான்காம் பிரிவிலிருந்துதான் தொடங்க வேண்டும். பிரிட்டிஷ் சைக்கிளிங் அமைப்பில் உறுப்பினராகி, பந்தய உரிமம் வாங்கி, முன்னணி இடங்களுக்குள் வந்து புள்ளிகளைச் சேர்த்தால் மூன்றாம் பிரிவுக்கு உயரலாம். என்னிடம் உரிமம் இருந்தது; புள்ளி ஒன்றுகூட இல்லை. பிப்ரவரியில் ஓட்டிய முதல் பந்தயத்தில் 12 நிமிடத்திற்குள்ளாகவே கூட்டம் என்னைப் பின்னால் உதிர்த்துவிட்டுப் போய்விட்டது. மார்ச் முதல் வாரத்தில், அதே ஹில்லிங்டன் சுற்றுப்பாதையில், இரண்டாம் முறையாக ஓட்டிய பந்தயத்தைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

மேற்கு லண்டனில், ஹேய்ஸ் பகுதியின் மினெட் பூங்காவுக்குள், ஏறத்தாழ 1.5 கிலோமீட்டர் நீளத்தில் வளைந்து செல்லும் தார்ப்பாதை அது. கார் எதுவும் உள்ளே நுழையாது. பொதுச் சாலையில் கூட்டமாகப் பந்தயம் ஓட்டுவது இந்த நாட்டில் நெடுங்காலம் ஆகாத காரியமாகவே இருந்தது. 1942 ஜூன் 7 அன்று லாங்கோலனிலிருந்து வுல்வர்ஹாம்ப்டன் வரை அப்படியொரு பந்தயத்தை நடத்தியதற்காகப் பெர்சி ஸ்டாலர்ட் என்ற பந்தயக்காரரை அன்றைய சைக்கிள் சங்கம் விலக்கியே வைத்துவிட்டது. இன்று அந்தத் தடை இல்லை. ஆனாலும் காவல்துறைக்குத் தெரிவிப்பது முதல் சந்திகளில் கொடியோடு நிற்க ஆள் சேர்ப்பது வரை சாலைப் பந்தயத்திற்கு ஆகும் பாடு அதிகம் என்பதால், என்னைப் போன்ற கற்றுக்குட்டிகள் பெரும்பாலும் இத்தகைய மூடிய பாதைகளில்தான் பழகுகிறோம்.

குளிர்காலம் முழுவதும் வீட்டுக்குள் நிறுத்திவைத்த பயிற்சிக் கருவியில் மிதித்துக் கால்களை ஓரளவு தேற்றியிருந்தேன். அதனால் முதல் தோல்விக்குக் காரணம் கால் வலிமை இல்லாமைதான் என்று முடிவு கட்டி, இடைப்பட்ட மூன்று வாரங்களும் இன்னும் கடுமையாக மிதித்தேன். ஹாரோவில் இருபது ஆண்டுகளாக வசிக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர், முன்பு தாமும் பந்தயம் ஓட்டியவர், அதைக் கேட்டுச் சிரித்தார். “தம்பி, பின்னுக்கு நிண்டா எந்தக் காலும் களைச்சுப் போகும்” என்றார்.

பந்தய நாள் காலையில் வெப்பம் 4 டிகிரி. பெயரைப் பதிந்து, துணியாலான எண் அட்டையை வாங்கிக்கொண்டு, அதைச் சட்டையின் விலாப் பக்கத்தில் ஊக்குகளால் குத்த முயன்றேன். விறைத்த விரல்களுக்கு ஊக்கு அகப்படவில்லை. இரண்டு கீழே விழுந்தன, ஒன்று கட்டை விரலில் ஏறியது. நான்கு மூலைகளிலும் குத்தி முடித்ததைப் பார்த்த அண்ணன், ஒன்றும் பேசாமல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, அட்டையை உடம்போடு இழுத்துப் பிடித்து எட்டு ஊக்குகளால் மீண்டும் குத்தினார். காற்று புகுந்து அட்டை பாய்மரம்போல் புடைத்தால் 40 கிலோமீட்டர் வேகத்தில் அதுவும் ஒரு சுமை என்பது அவர் கணக்கு. முழங்கால்களுக்கு ஊரிலிருந்து வந்த தைலத்தைத் தேய்த்துக்கொண்டேன். ஐரோப்பியப் பந்தயக்காரர்கள் விலை உயர்ந்த களிம்புகளால் செய்கிற வேலைதான். என் தைலத்தின் வாசனைக்குச் சிலர் தள்ளியே நின்றார்கள்.

40 நிமிடமும் அதன்மேல் 5 சுற்றுகளும் என்பது பந்தயத்தின் அளவு. 42 பேர் புறப்பட்டோம். முதல் நான்கு சுற்றுகளில் பழைய தவற்றையே செய்தேன். விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் கடைசி வரிசையில் ஒதுங்கினேன். நேர்பாதையில் அது சொகுசான இடம்தான். காற்றை எதிர்க்க ஒவ்வொரு விநாடியும் தேவைப்படும் ஆற்றல் வேகத்தின் மும்மடிப்பெருக்கமாக ஏறுகிறது, அதாவது வேகம் இரு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்கு வேண்டும் என்பதால், முன்னால் போகிறவரின் முதுகு மறைவில் ஓட்டுவது பாதி ஓய்வு போன்றது. ஆனால் கொண்டை ஊசி வளைவு வந்ததும் கதை மாறிவிடுகிறது. முதலில் நுழைகிறவர் வேகத்தைச் சற்றே தணித்து வழுக்கிக்கொண்டு திரும்புகிறார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவரும் சிறிது கூடுதலாக பிரேக் பிடிக்க, கடைசியில் இருப்பவர் கிட்டத்தட்ட நின்றே விடுகிறார். அவர் வளைவை விட்டு வெளியே வரும்போது முன்னணி முழு வேகத்தை எட்டியிருக்கும். ஆர்மோனியத் துருத்திபோல் சுருங்கி விரியும் அந்தக் கூட்டத்தின் வாலில் தொங்குகிறவர், சுற்றுக்கு ஒருமுறை எழுந்து நின்று உயிரைக் கொடுத்து மிதித்தால்தான் இடைவெளியை அடைக்க முடியும். பிப்ரவரியில் என்னை வீழ்த்தியது இதுதான் என்று ஐந்தாம் சுற்றில், மூச்சிரைக்கும் நிலையில்தான் விளங்கியது.

ஆறாம் சுற்றில், வளைவுக்கு முந்திய நேர்பாதையில் கூட்டம் அகலமாகப் பரவும் தருணம் பார்த்து, ஓரமாக நான்கைந்து பேரைக் கடந்தேன். அடுத்த சுற்றில் அவர்களில் மூவர் என்னைக் கடந்தார்கள். முன்னேறாமல் சும்மா இருந்தாலே பின்தங்கிவிடுவோம் என்பதால் இந்த வேலைக்கு முடிவே இல்லை. தோள்கள் உரசின, எனக்கு முன்னால் ஒருவரின் முன்சக்கரம் பக்கத்தில் இருந்தவரின் பின்சக்கரத்தோடு ஒட்டி ‘சர்ர்’ என்று சத்தமெழுப்பி, எப்படியோ விலகியது. இருவரும் விழவில்லை, என் இதயம்தான் ஒரு துடிப்பைத் தவறவிட்டது. பத்தாம் சுற்று வாக்கில் முதல் பதினைந்து பேருக்குள் நிலைத்துவிட்டேன். அங்கே வளைவுகளில் பிரேக்கைத் தொடவே தேவையிருக்கவில்லை. பின்னால் நின்றபோது பட்ட பாட்டில் பாதிகூட இல்லை. வேகமோ அதே வேகம்தான்.

5 என்று எழுதிய பலகை தெரிந்தபோது கால்களில் இன்னும் தெம்பு இருந்தது. கடைசிச் சுற்றுக்கான மணி ஒலித்தபோது பத்தாவது இடத்தில் இருந்தேன். முதல் பத்துப் பேருக்குப் புள்ளி உண்டு என்ற நினைப்பு தலைக்கேறியது. முடிவுக்கோட்டை நோக்கிச் செல்லும் பாதை லேசான ஏற்றம். இறுதி வளைவைத் தாண்டியதும் யாருக்கும் காத்திராமல் கூட்டத்தை விட்டு வெளியே பாய்ந்தேன். ஏழெட்டு விநாடிகள் முன்னால் யாருமே இல்லை. அதன்பிறகு யாரோ நெஞ்சில் கை வைத்துத் தள்ளுவதுபோல் வண்டி கனத்தது. இடமும் வலமுமாக ஒவ்வொருவராகக் கடந்து போனார்கள். பத்தொன்பதாவதாக முடித்தேன்.

மூச்சு வாங்கக் கைப்பிடியில் கவிழ்ந்து கிடந்த என்னிடம் அண்ணன் கேட்டது ஒரே கேள்வி: “காத்து எந்தப் பக்கத்தால அடிச்சது எண்டு பாத்தனீங்களோ?”

பார்த்திருக்கவில்லை. 22 சுற்றுகளும் பிறர் முதுகின் மறைவிலேயே வந்ததில் காற்று என்ற ஒன்று இருப்பதே எனக்கு உறைக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். பாதையோரத்து மொட்டை மரங்களின் கிளைகள் எல்லாம் முடிவுக்கோட்டிலிருந்து கடைசி வளைவின் பக்கமாகவே சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தன.